வீட்டுக் கூரை துப்புரவு

வீட்டுக் கூரை துப்புரவு என்பது வீட்டின் மேல்தளத்திலோ சரிவுக் கூரையிலோ சேரும் சருகு, மண், பாசி, பறவை எச்சம், முளைத்த செடி ஆகியவற்றை அகற்றி, மழைநீர் தடையின்றி வடிய வழிசெய்யும் பராமரிப்புப் பணி ஆகும். தமிழ்நாட்டு வீடுகளில் மொட்டைமாடி, ஓட்டுக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் சிமெண்ட் தகட்டுக் கூரை ஆகிய மூன்றும் பரவலாகக் காணப்படுகின்றன. இம்மூன்றுக்கும் துப்புரவு முறைகள் வேறுபடுகின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் முறை மற்றொன்றைச் சேதப்படுத்தக்கூடும். ஏறியவரின் உயிருக்கும் கேடு விளைவிக்கக்கூடும்.

இப்பணியில் பெருக்குவதையும் கழுவுவதையும் விட, மேலே ஏறுவதும் அங்கே நிற்பதுமே ஆபத்தானவை. மொட்டைமாடி ஆள் நடமாடுவதற்கென்று கட்டப்படுவது. ஓடும் கல்நார்த் தகடும் வெயிலையும் மழையையும் தடுக்க மட்டுமே வேயப்படுபவை. ஆள் எடையைத் தாங்குவது அவற்றின் வேலை அன்று. எனவே கூரைமேல் கால் வைக்காமல் முடிக்கக்கூடிய வேலையை அவ்வாறே முடிப்பது பாதுகாப்பின் முதல் விதியாகக் கொள்ளப்படுகிறது.

தேவை

கூரையில் குப்பை சேர்வதால் ஏற்படும் முதன்மையான கேடு நீர்த்தேக்கம். மொட்டைமாடியின் வடிகுழாய் வாயில் ஒரு கைப்பிடிச் சருகு அடைத்தாலே மழைநீர் மாடி முழுவதும் தேங்கிவிடும். 10 செ.மீ. ஆழத்துக்குத் தேங்கிய நீர் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை கொண்டது. 100 சதுர மீட்டர் மாடியில் இது 10 டன் ஆகும். தேங்கிய நீர் தள ஓடுகளின் இணைப்புகள் வழியாகக் கீழிறங்கிக் கான்கிரீட்டை அடைகிறது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது பருமன் கூடுகிறது. அதனால் உட்கூரைப் பூச்சு வெடித்து உதிர்கிறது. பழைய வீடுகளில் உட்கூரைக் காரை பெயர்ந்து விழுவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

இரண்டாவது கேடு செடி முளைப்பு. அரசு, ஆல் ஆகியவற்றின் பழங்களைத் தின்னும் பறவைகளின் எச்சத்தில் அவற்றின் விதைகள் இருக்கும். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் விழுந்த விதை முளைத்து, வேரை உள்ளே செலுத்தி, நாளடைவில் சுவரையே பிளக்கும்.

மூன்றாவது கேடு கொசு. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிடுகிறது. வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாள் போதும். மாடியில் கிடக்கும் பழைய டயர், உடைந்த வாளி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்து உலரவிடுவது இச்சுழற்சியை முறிக்கிறது.

காலம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. எனவே ஆவணி, புரட்டாசி மாதங்களில் கூரையைத் துப்புரவு செய்வது வழக்கம். தென்மேற்குப் பருவமழையும் நன்கு பெய்யும் கன்னியாகுமரி, நீலகிரி போன்ற மாவட்டங்களில் வைகாசி முடிவதற்குள் ஒருமுறை கூடுதலாகச் செய்யப்படுகிறது.

நாளில் காலை நேரமே உகந்தது. பனி ஈரம் உலர்ந்த பின் தொடங்கி, தளம் சூடேறுவதற்குள் முடிக்க வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதும், இடி மின்னல் இருக்கும்போதும், பலத்த காற்றிலும் மேலே செல்லக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் ஒழுகல் தெரியவந்த பிறகே, அதாவது மழைக்கு நடுவிலேயே, ஆள் ஏற்றப்படுகிறது. ஈரப் பாசி மிகவும் வழுக்கக்கூடியது என்பதால் இதுவே மிகவும் ஆபத்தான நேரம். அப்போது வீட்டுக்குள் பாத்திரம் வைத்து நீரைப் பிடித்துக்கொண்டு, மழை விட்டுக் கூரை காய்ந்தபின் ஏறுவதே சரி.

மேலே ஏறும் முன்

முதலில் கவனிக்க வேண்டியது மின்கம்பி. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், கட்டடத்தின் மேல் செல்லும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் மாடியின் உயரமான இடத்துக்கும் இடையே 2.5 மீட்டர் இடைவெளியும், பக்கவாட்டில் செல்லும் கம்பிக்கு 1.2 மீட்டர் இடைவெளியும் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருந்தன. கம்பி இழுத்த பிறகு கூடுதல் தளம் எழுப்பிய வீடுகளில் இந்த இடைவெளி இல்லாமல் போவதுண்டு. நெருக்கமான தெருக்களில் மாடியில் நிமிர்த்திப் பிடித்த துரட்டியோ அலுமினிய ஏணியோ கம்பியைத் தொட்டுவிட முடியும். கம்பி அருகில் இருந்தால் மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பதால் தெருக் கம்பியில் மின்சாரம் நிற்பதில்லை.

2018 நவம்பரில் வீசிய கஜா புயலின்போது காவிரி டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. இத்தகைய புயலுக்குப் பின் கூரைமேல் விழுந்து கிடக்கும் கம்பியிலும், அதன்மேல் சாய்ந்த ஈரக் கிளையிலும் மின்சாரம் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

ஏணி

மாடிப்படி இல்லாத வீடுகளில் மூங்கில் ஏணியோ அலுமினிய ஏணியோ பயன்படுகிறது. மூங்கில் ஏணியில் படிகள் செருகப்பட்ட துளைகளின் அருகே பூச்சி அரித்திருக்கிறதா, மூங்கில் நீளவாக்கில் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினிய ஏணி எடை குறைந்தது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். அதன் காலில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கும்.

ஏணியைச் சாய்க்கும் கோணம் ஏறத்தாழ 75 பாகையாக இருக்க வேண்டும். இதை அளக்க எளிய கணக்கு உண்டு: ஏணி சுவரைத் தொடும் இடம் 4 அடி உயரத்தில் இருந்தால், ஏணியின் கால் சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும், 12 அடி உயரத்துக்கு 3 அடி. இதைவிடச் செங்குத்தாக வைத்தால் பின்னோக்கிச் சாயும். அதிகம் சாய்த்து வைத்தால் கால் வழுக்கும். ஏணியைப் பொறுத்துக் கடைப்பிடிக்க வேண்டிய பிற விதிகள் வருமாறு:

- மேலே மாடிக்கோ கூரைக்கோ செல்வதானால் ஏணி விளிம்புக்கு மேல் குறைந்தது 1 மீட்டர் நீண்டிருக்க வேண்டும். ஏணியிலிருந்து மாறும் கணத்தில் பிடித்துக்கொள்ள இதுவே துணை.
- ஏணியின் மேல்முனையை அசையாத ஒன்றோடு கயிற்றால் கட்ட வேண்டும். அதுவரை கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.
- பிளாஸ்டிக் நாற்காலி, செங்கல் அடுக்கு, மேசை ஆகியவற்றின் மேல் ஏணியை நிறுத்தக் கூடாது.
- மழைநீர்த் தகரத் தாரை, ஓட்டு விளிம்பு, பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றின் மேல் ஏணியைச் சாய்க்கக் கூடாது.
- ஏறும்போது இரு கால் ஒரு கை, அல்லது இரு கை ஒரு கால் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். துடைப்பத்தையும் வாளியையும் கையில் தூக்கிச் செல்லாமல், மேலே போன பின் கயிறு விட்டு இழுத்துக்கொள்ள வேண்டும்.
- எட்டாத இடத்துக்குப் பக்கவாட்டில் சாயாமல், இறங்கி ஏணியை நகர்த்தி வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் ஒன்று உண்டு. மாடிப்படி முடியும் சிறு அறையின் மேல்தளத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்கப்படுகிறது. அங்கே செல்லச் சுவரில் பதித்த இரும்புப் படிகள் மட்டுமே இருக்கும். சுற்றிலும் கைப்பிடிச் சுவர் இருக்காது. படிகள் சுவருக்குள் துருப்பிடித்திருப்பது வெளியே தெரியாது. ஒவ்வொரு படியையும் கையால் அசைத்துப் பார்த்த பின்பே எடையை வைக்க வேண்டும்.

பாதுகாப்பு வார்

விளிம்புத் தடுப்பு இல்லாத உயரத்தில் வேலை செய்வோருக்கு உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார் தேவை. இடுப்பில் மட்டும் கயிறு கட்டுவது பாதுகாப்பு ஆகாது. விழும்போது முழு எடையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும்; அல்லது உடல் கயிற்றிலிருந்து நழுவிவிடும். வாரின் மறுமுனை கான்கிரீட் தூண், உத்தரம் போன்ற உறுதியான அமைப்பில் கட்டப்பட வேண்டும். தண்ணீர்க் குழாய், டிஷ் ஆண்டெனாக் கம்பி, ஒற்றைச் செங்கல் கைப்பிடிச் சுவர் ஆகியவை விழும் ஆளின் வேகத்தைத் தாங்குவதில்லை. வாரில் தொங்குபவரை விரைவில் கீழே இறக்க வேண்டும். அசையாமல் தொங்குவது இரத்த ஓட்டத்தைப் பாதிக்கும். எனவே தனியாள் வேலை கூடாது.

மொட்டைமாடி

பழைய சென்னை வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் தளம் காணப்படுகிறது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பது இதன் அமைப்பு. இன்றைய கான்கிரீட் தளங்களிலும் பலவற்றில் மேலடுக்கு இதே முறையில் செங்கல் ஜல்லியும் தட்டோடும் கொண்டு அமைக்கப்படுகிறது.

இத்தளங்களுக்குத் தென்னந்துடைப்பம், கடின நார்த் தூரிகை, பிளாஸ்டிக் முறம், தண்ணீர் ஆகியவையே போதுமான கருவிகள். முதலில் உலர்ந்த குப்பையைப் பெருக்கி மூட்டையில் கட்ட வேண்டும். வடிகுழாய்ப் பக்கம் தள்ளக் கூடாது. அடுத்து ஒவ்வொரு வடிகுழாய் வாயையும் கையுறை அணிந்து சுத்தம் செய்து, ஒரு வாளி நீர் ஊற்றி, கீழே அதே வேகத்தில் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். வாயில் கம்பி வலை பொருத்தினால் சருகு உள்ளே செல்லாது. ஆனால் வலையையும் மழைக்காலத்தில் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

பாசியை நீர் தெளித்து ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். கம்பித் தூரிகையும் மண்வெட்டியும் தட்டோட்டின் மேற்பரப்பைக் கீறி, அடுத்த ஆண்டு இன்னும் அதிகமாகப் பாசி படர வழிவகுக்கும். உயர் அழுத்த நீர்ப்பீச்சி, பழைய தளங்களில் ஓட்டு இணைப்புச் சாந்தைப் பெயர்த்துவிடும்.

சிறு அரசங்கன்றை வேரோடு பிடுங்கி, வெடிப்பைச் சிமெண்டுச் சாந்தால் அடைக்கலாம். வேர் சுவருக்குள் பரவிய பெரிய செடியை இழுத்தால் சுவர்ப் பகுதியே பெயர்ந்து, இழுத்தவரோடு சேர்ந்து விழக்கூடும். அத்தகைய செடியை வெட்டி, கொத்தனாரைக் கொண்டு அப்பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

புறா எச்சம் உலர்ந்த நிலையில் தூசியாகப் பறந்து நுரையீரல் தொற்றை உண்டாக்கலாம். அதை நீரால் நனைத்து, முகக்கவசம் அணிந்து வழித்தெடுக்க வேண்டும்.

மாடி விளிம்பில் கைப்பிடிச் சுவர் குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. கட்டி முடிக்காத மாடிகளில் இச்சுவர் இருப்பதில்லை. அங்கே விளிம்பை நோக்கி முன்னேறிப் பெருக்க வேண்டும். பின்னோக்கி நகர்ந்து பெருக்கக் கூடாது. சன்ஷேடின் மேல் சேர்ந்த சருகை மாடியிலிருந்தோ சன்னல் வழியாகவோ நீண்ட கழியால் தள்ளலாம். சன்ஷேடு ஆள் நிற்பதற்கான தளம் அன்று.

ஓட்டுக் கூரை

ஓடுகள் இரு வகை. குயவர் சக்கரத்தில் வனைந்த அரைவட்ட நாட்டு ஓடு பழமையானது. தட்டையான சீமை ஓடு, 1865-இல் பாசெல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின் தென்னிந்தியாவில் பரவியது. எனவே இது மங்களூர் ஓடு எனவும் வழங்குகிறது.

நாட்டு ஓட்டுக் கூரையை மழைக்கு முன் பிரித்து, உடைந்த ஓட்டை நீக்கி, மண்ணும் சருகும் தட்டி, மீண்டும் அடுக்குவது மரபு. சீமை ஓடுகளில் பெரும்பாலானவை ரீப்பரில் கொக்கிபோல் மாட்டப்பட்டிருக்கும். ஆணியடித்தோ சாந்து பூசியோ ஒட்டப்பட்டிருப்பதில்லை. எனவே உள்ளே சாரம் கட்டி நின்று, ஓட்டைக் கீழிருந்தே மேலே தூக்கி நகர்த்தி வெளியே எடுத்துக் கழுவி மாட்ட முடியும். கூரைமேல் ஏறாமல் செய்யக்கூடிய இம்முறையே பாதுகாப்பானது. மிதிபட்டு ஓடு உடைவதையும் தவிர்க்கிறது. முகட்டு ஓடும் விளிம்பு ஓடும் சாந்தால் பதிக்கப்பட்டிருப்பதால் அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

வெளிப்புறமாகவே வேலை செய்ய வேண்டிய இடத்தில் கூரை ஏணி பயன்படுகிறது. இதன் மேல்முனையில் உள்ள கொக்கி முகட்டைத் தாண்டி மறுசரிவில் பற்றிக்கொள்ளும். எடை பல ஓடுகளின்மேல் பரவும். ஓட்டின்மேல் நேரடியாகக் கால் வைத்தால், அது ரீப்பரின் மேலுள்ள பகுதியாக இருந்தாலும், ஓடு நழுவக்கூடும். உளுத்த ரீப்பர் முறியக்கூடும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை

மூன்று வகைகளிலும் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது இதுவே. இதற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது, இத்தகடு முன்னறிவிப்பின்றி உடையும். வழக்கமான நெளிதகட்டின் தடிப்பு 6 மி.மீ. மட்டுமே. புதிதில் ஓரளவு எடை தாங்கினாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலிலும் மழையிலும் நொறுங்கும் தன்மை கூடுகிறது. வளைந்தோ விரிசல் ஒலி எழுப்பியோ அது எச்சரிப்பதில்லை. மிதித்தவர் நேராகக் கீழ்த்தரையில் விழுகிறார். போல்ட் வரிசையின்மேல் நடந்தால் அடியில் சட்டம் இருப்பதால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்தச் சட்டத்தின் அகலம் சில அங்குலமே. தடுமாறி ஓர் அடி விலகினாலே கால் வெறும் தகட்டில் விழும். வெளிச்சத்துக்காக இடையில் பதிக்கும் ஒளிபுகு பிளாஸ்டிக் தகடு, தூசியும் பாசியும் படிந்தபின் மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடுகிறது. அது இன்னும் வலுவற்றது.

இரண்டாவது, தகட்டில் சிமெண்டோடு கலந்துள்ள கல்நார் இழை. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தகடு முழுமையாக இருக்கும்போது இழைகள் சிமெண்டில் பிணைந்திருக்கும். தேய்க்கும்போதும், சுரண்டும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசியாக வெளியேறும். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால், வேலை செய்த நாளில் எந்தத் தொல்லையும் தெரியாது.

எனவே இக்கூரையில் உலர்ந்த நிலையில் பெருக்குதல், கம்பித் தூரிகையால் தேய்த்தல், உயர் அழுத்த நீர்ப்பீச்சியால் கழுவுதல் ஆகிய மூன்றும் கூடாது. தரையில் அல்லது சாரத்தில் நின்று, மெல்ல நீர் தெளித்து நனைத்து, நீண்ட கழியில் கட்டிய மென்மையான துடைப்பத்தால் சருகை இழுத்தெடுப்பதே போதுமான துப்புரவு. பாசி கூரைக்குப் பெரிய கேடு செய்வதில்லை. அதை அப்படியே விடலாம். விரிசல் விட்ட தகட்டை ஒட்டுப்போட மேலே ஏறுவதைவிட, பயிற்சி பெற்றவரைக் கொண்டு சாரம் கட்டி மாற்றுவது நல்லது. உடைந்த துண்டுகளை நனைத்துத் தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்ட வேண்டும். பொடித்து வாசலில் பரப்புவதும் அடுப்புக்கல்லாகப் பயன்படுத்துவதும் தீங்கானவை.

வேதிப்பொருள்களும் மழைநீரும்

மொட்டைமாடிப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் வழக்கமாகப் பயன்படுகிறது. அதனுடன் கழிவறை அமிலத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ சேர்க்கக் கூடாது. மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு வெளிப்படும். அமிலத்தைத் தனியாகவும் பயன்படுத்தக் கூடாது. சுண்ணாம்பையும் சிமெண்டையும் அது கரைப்பதால் ஒழுகல் அதிகமாகும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இதனால் மாடியில் கொட்டும் எதுவும் கிணற்றையோ தொட்டியையோ சென்றடையக்கூடும். கழுவும் முன் சேகரிப்புக் குழாயின் இணைப்பைக் கழற்றியோ அடைத்தோ, கழுவிய நீரை வெளியே விட வேண்டும். பருவத்தின் முதல் மழைநீரையும் சேகரிக்காமல் வெளியேற்றுவது நல்லது.

சூரிய மின்தகடுகள் இருக்கும் மாடியில், தகடு குளிர்ந்திருக்கும் அதிகாலையில் மென்துணியால் கழுவ வேண்டும். மின்வாரிய இணைப்பை அணைத்தாலும், வெளிச்சம் படும்வரை தகடுகளிலும் அவற்றின் கம்பிகளிலும் மின்சாரம் இருக்கும். உரிந்த கம்பியோ கழன்ற இணைப்போ தென்பட்டால் நீர் ஊற்றக் கூடாது.

கூலிக்கு ஆள் அமர்த்துதல்

கூரை வேலை பெரும்பாலும் ஒருநாள் கூலிக்கு அமர்த்தப்பட்டவரால் செய்யப்படுகிறது. கட்டுமானத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், தனிநபர் தம் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் செய்யும் கட்டுமானத்தைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. ஒருநாள் கூரை வேலையில் கண்காணிக்கும் பொறியாளரோ ஒப்பந்தக்காரரோ இருப்பதில்லை. ஏணி, சாரம், வார் ஆகியவை உள்ளனவா என்று பார்ப்பது நடைமுறையில் வீட்டுக்காரரிடமே விடப்படுகிறது. கூரை எவ்வளவு பழையது, எங்கே ஒளிபுகு தகடு உள்ளது, எந்த ரீப்பர் உளுத்திருக்கிறது என்பவற்றை வீட்டில் வசிப்பவரே அறிவார். இவற்றை வேலை தொடங்குமுன் சொல்வது அவர் கடமை. சாரத்துக்கான செலவைக் கூலிப் பேச்சிலேயே சேர்த்துக்கொண்டால், அதை மிச்சப்படுத்த வெறுங்காலில் ஏறும் கட்டாயம் தொழிலாளருக்கு நேராது.

விபத்து நேர்ந்தால்

விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைப்பதும் தண்ணீர் கொடுப்பதும் தவறு. கழுத்திலோ முதுகெலும்பிலோ முறிவு இருந்தால், தூக்குவதால் நிலையான முடக்கம் ஏற்படலாம். 108 ஆம்புலன்சை அழைத்து, வரும்வரை தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் வெளியேறினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எழுந்து நடந்தாலும், தலையில் அடிபட்டவரை மருத்துவமனையில் காட்டுவது அவசியம்.

மின்சாரம் தாக்கியவரை, மின்தடை உறுதியாகும்வரை தொடக் கூடாது. மூச்சு நின்றிருந்தால், மின்சாரம் நின்றபின் மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதை உதவி வரும்வரை தொடர வேண்டும். கல்நார்த் தகடு உடைந்து ஒருவர் விழுந்தால், மீட்க விரைபவர் அதே கூரைமேல் ஏறாமல் கீழ்வழியாகவே செல்ல வேண்டும்.